செண்பகாதேவிக்கு எந்த பூட்ஸ்?

மேல்நாட்டு மலையேற்றக் கையேடுகள் வசந்தத்துக்கென்று ஒரு பட்டியலே தருகின்றன: நீர்புகா பூட்ஸ், கம்பளிக் காலுறை, ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று சட்டை. குற்றாலத்தை அடுத்த எங்கள் இலஞ்சியில் வசந்தம் என்றால் பங்குனி, சித்திரை. குற்றாலத்துப் பாறையில் தோசை வார்க்கலாம். நீர்புகா பூட்ஸுக்குள் புகுவதற்கு நீர்தான் அகப்படாது.

சித்ரா பௌர்ணமிக்கு வனத்துறை அனுமதித்தால், குற்றால மலைமேல் இருக்கும் செண்பகாதேவி அம்மனைப் பார்க்க ஆச்சிமார் வெறுங்காலில், பூக்கூடையோடு விறுவிறுவென ஏறுகிறார்கள். பின்னாலேயே சென்னைத் தம்பி: கணுக்கால் மூடிய பூட்ஸ், இரண்டு கையிலும் கம்பு, முதுகுப் பையிலிருந்து வாய்க்கு ஒரு தண்ணீர்க்குழாய்.

"எய்யா, கால்ல அடி கிடி பட்டிருச்சா? கட்டு இம்புட்டுப் பெருசா போட்டிருக்கு!"

சாரல் காலத்தில் கதை வேறு. பூட்ஸுக்குள் மேல்வழியாக இறங்கிய தண்ணீர் அங்கேயே குடியிருக்கும். துணைக்கு அட்டையும் வரும். அதற்குக் கொஞ்சம் உப்போ புகையிலையோ போதும், பூட்ஸ் கடையில் மட்டும் அதைச் சொல்லமாட்டார்கள். அருவிக்கரையில் அந்நாளைய எண்ணெய்க் குளியல்காரர்கள் மெழுகிவைத்த பாறையோ எந்த பிராண்டையும் மதிப்பதில்லை.

திரும்பும் வழியில் இலஞ்சிக் குமாரரையும் கும்பிடலாம். பூட்ஸ் நாடாவை அவிழ்ப்பதற்குள் நடை சாத்திவிடுவார்கள்.