நூற்றியொரு குவெரி

வெப் டெவலப்பர் வேலைக்கான நேர்காணலில் பைனரி மரத்தை இடவலமாகத் திருப்பச் சொல்வார்கள். ஹோம்ப்ரூ என்ற மென்பொருளை எழுதிய மேக்ஸ் ஹோவலையே அது வரவில்லை என்று கூகுள் திருப்பியனுப்பியதாம். 2015இல் அவரே ட்வீட் போட்டார். வேலையில் சேர்ந்தபின் மரமும் இல்லை, கிளையும் இல்லை. இருப்பது 100 ஆர்டர் காட்டும் ஒரு பக்கம். பட்டியலுக்கு ஒரு குவெரி, ஒவ்வோர் ஆர்டருக்கும் வாடிக்கையாளர் பெயர் கேட்டு இன்னொன்று, ஆக 101. ஒவ்வொரு சாமானுக்கும் தனித்தனியாக மளிகைக் கடைக்கு நடக்கும் பிள்ளையை வீட்டில் திட்டுவோம். இங்கே அதற்குச் சம்பளம். ஒரு ஜாயின் போதும். சோதனையில் பத்தே வரி டேட்டா என்பதால் பக்கம் பறக்கும். நிஜத்தில் படுத்துக்கொண்டால், சர்வரைப் பெரிதாக்கு என்பார்கள். நேர்காணல் நடத்தும் புண்ணியவான்களே, ஒரு பக்கத்துக்கு எத்தனை குவெரி போகிறது என்று எண்ணிப் பார்க்கத் தெரியுமா என்றும் ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்.