சட்டையளவை இலக்கணம்

பாயிரம்

மனிதனுக்கு நேரும் துன்பங்களை ஆதியாத்மிகம், ஆதிபௌதிகம், ஆதிதைவிகம் என மூன்றாக வகுத்து, அவற்றினின்று விடுபடும் மார்க்கங்களையும் விரித்துரைத்த நம் பூர்விக ஆசாரியர்கள், கைப்பேசியில் ஒரு சட்டைக்குப் பணம் கட்டி, ஐந்து நாள் வாசலைப் பார்த்துக் காத்திருந்து, வந்த பார்சலைப் பிரித்துக் கையை நுழைக்கும்போது அது தோளோடு நின்றுபோகிற துன்பம் அம்மூன்றனுள் எதில் அடங்கும் என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். விற்றவர் என் உடம்பின்மேல் குற்றம் சொல்லுகிறபடியால் அது ஆதியாத்மிகம்; நான் விற்றவர்மேல் குற்றம் சொல்லுகிறபடியால் அது ஆதிபௌதிகம்; "நம்மூர் லாரன்ஸ் ரோட்டில் வரிசையாகக் கடை இருக்கும்போது இதில் போய் வாங்குவது உங்கள் தலையெழுத்து" என்று என் மனைவி சொல்லுகிறபடியால் அது ஆதிதைவிகம். மூன்று இலக்கணமும் ஒருங்கே பொருந்தும் இத்தகைய துன்பத்துக்கு ஒரு தனிச் சாஸ்திரம் அவசியம் என்று கருதியே இச்சிறு நூலைத் தொடங்கலானேன்.

நிமித்தம்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் வசிக்கும் அடியேன், கடந்த ஓராண்டில் மூன்று வெவ்வேறு கம்பெனிகளின் சட்டைகளை இணையத்தில் வாங்கினேன். மூன்றிலும் கழுத்துப் பட்டையின் உட்புறத்தில் 40 என்றே தைத்திருந்தது. மூன்றையும் பித்தானிட்டுக் கட்டிலில் விரித்து, இரு அக்குள்களுக்கும் இடையே டேப்பைப் பிடித்து, வந்த அளவை இரட்டித்துப் பார்த்தபோது, முதற் சட்டை 42 அங்குலமும், இரண்டாவது 44 அங்குலமும், மூன்றாவது 46½ அங்குலமும் காட்டின. முதலாவதை அணிந்தால் மூச்சை உள்ளே இழுக்கலாம், வெளியே விட இயலாது. மூன்றாவதோ, மூன்றடி மண் கேட்ட வாமனன் திரிவிக்கிரமனாக எழுந்தாற்போல, பொட்டலத்தில் சிறியதாயிருந்து என்மீது ஏறியவுடன் உலகளக்கத் தொடங்கிற்று.

அம்மூன்றாவது சட்டையை, 42 அணிபவரும் சிதம்பரத்தில் வசிப்பவருமான என் மைத்துனருக்கு எடுத்துக்கொண்டு, சுமார் 45 கிலோமீட்டர் பஸ்ஸில் போனேன். அவருக்கு அது அளவெடுத்துத் தைத்ததுபோல் அமைந்தது. பதிலுக்கு அவர், தமக்கு மூச்சு முட்டுகிறது என்று அலமாரியில் ஒதுக்கி வைத்திருந்த 42 ஒன்றை எடுத்து, "மச்சான், நீங்கள் போட்டுப் பாருங்கள்" என்று நீட்ட, அது எனக்கு அங்ஙனமே அமைந்தது. ஆக, கடலூரின் 40 சிதம்பரத்தில் 42 ஆயிற்று. சிதம்பரத்தின் 42 கடலூரில் 40 ஆயிற்று. எண் என்பது எங்கும் ஒன்றே என்று பள்ளியில் நமக்குப் போதிக்கப்பட்ட கொள்கை, வெள்ளாற்றுக்கும் கெடிலத்துக்கும் இடையில் எங்கேயோ ஓரிடத்தில் கழன்று விழுந்துவிட்டது.

அளவை

கடலூர் ஜில்லாவுக்கு அளவை புதிதன்று. இங்குள்ள திருத்துறையூரிலே தோன்றிய அருணந்தி சிவாசாரியார், சிவஞான சித்தியாரில், பொருளை அறியும் கருவிகளை ஆராய்ந்து, காட்சி, கருதல், உரை என்னும் மூன்றனுள் ஏனையவற்றை அடக்கினார். அக்கருவிகளுக்குத் தமிழில் அளவை என்றே பெயர். அறிவதற்கும் அளப்பதற்கும் நம் முன்னோர் ஒரே சொல்லை வைத்ததன் அருமை, சட்டையை அணிந்து பாராமல் வாங்கும் இக்காலத்தில்தான் முழுவதும் விளங்குகிறது. ஆகவே அம்மூன்று அளவைகளையும் சட்டையின்மேல் செலுத்திப் பார்ப்போம்.

காட்சியளவை

திரையில் தோன்றும் யௌவன புருஷன் அச்சட்டையில் எவ்வித மடிப்புமின்றி விளங்குவதைக் கண்டு, நாமும் அவ்வாறே விளங்குவோம் என்று நிச்சயிப்பது காட்சிப் பிழையாகும். அவனுடைய முதுகுப்புறத்தில் துணியை இழுத்துக் கிளிப்பு மாட்டிப் படம் பிடிப்பது அத்தொழிலில் சாதாரண வழக்கம். முன்புறத்தை மட்டும் காட்டும் பிரமாணம் பாதிப் பிரமாணமே. சிதம்பரத்தில் திரை விலகும்போது பொன் வில்வ மாலையும் அதற்கப்பால் வெளியுமே தெரிய, அவ்வெளியே பரம்பொருள் என்று கைகூப்புகிறோம், அது ரகசியம். கைப்பேசித் திரையை நம்பிச் சட்டை வாங்கியவனுக்கும் இறுதியில் உடம்புக்கும் துணிக்கும் நடுவே கிடைப்பது வெளிதான்; அது ரிட்டன்.

உரையளவை

ஆப்தவாக்கியம், அதாவது நம்பத்தகுந்தவர் சொல், இரண்டாம் பிரமாணமாக இங்கே வருகிறது. எஸ், எம், எல், எக்ஸெல் என்னும் பீஜாட்சரங்களை ஓதுபவர் யார், அவற்றின் பொருள் யாது என்று கேட்டால், அவரவர் கம்பெனியின் அட்டவணையைக் காட்டுவார்கள். அட்டவணையில் 40 என்றிருப்பது நம் மார்பின் சுற்றளவா, சட்டையின் சுற்றளவா என்பது பல இடங்களில் சொல்லப்படுவதில்லை. கீழே முன்பு வாங்கினோர் எழுதிய அபிப்பிராயங்களைப் படித்தாலோ, ஒருவர் "மிகவும் லூஸ்" என்றும், அடுத்தவர் "ஒரு சைஸ் பெரிதாக வாங்கவும்" என்றும் ஒரே சட்டையைப் பற்றிச் சொல்லியிருக்கக் காண்கிறோம். சுருதிகள் முரண்படுமிடத்து உரையாசிரியர் சமாதானம் கூறுவது மரபு. இங்கே உரையாசிரியரும் இல்லை.

இக்குறையைப் போக்க ராஜாங்கங்களே முயன்றதுண்டு. அமெரிக்க தேசத்தில் 1939, 1940-ஆம் ஆண்டுகளில் ஏறத்தாழ 15,000 பெண்களை, ஒவ்வொருவருக்கும் 59 இடங்களில் டேப்பு வைத்து அளந்தார்கள். வெள்ளையரல்லாதாரின் அளவுகளைக் கணக்கில் சேர்க்கவில்லை. அந்த அஸ்திவாரத்தின்மேல் 1958-இல் பெண்களின் உடைக்கு ஒரு பொது அளவு வகுத்தார்கள். 1983-இல் அதைக் கைவிட்டார்கள். இடைக்காலத்தில் அத்தேசத்து மாதர் பெருத்தார்கள். வியாபாரிகள் அவர்கள் மனம் நோகலாகாது என்று எண்ணைச் சிறுக்க வைத்தார்கள். இடுப்பைக் குறைக்கும் வைத்தியங்களுள் அங்குலக் கணக்கை மாற்றும் இவ்வைத்தியம் ஒன்றே பத்தியமில்லாதது.

நம் தேசத்திலும் மத்திய ஜவுளி அமைச்சகத்தின் ஆதரவில், தேசிய ஆடை வடிவமைப்புத் தொழில்நுட்பக் கழகம் இந்திய உடம்புக்கென ஓர் அளவுப் பட்டியல் காண முற்பட்டு, 25,000 பேருக்குமேல் கருவியால் அளப்பதென்று ஆறு நகரங்களைத் தேர்ந்தது. டில்லி, மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத், பெங்களூர், ஷில்லாங் என்பன அவை. பெங்களூரின் தோளும் ஷில்லாங்கின் மார்பும் சரித்திரத்தில் ஏறுவது சந்தோஷமே. ஆயினும் எங்கள் ஊர் மஞ்சக்குப்பத்து மத்தியான சாப்பாட்டால் உருவான வயிறுகளின் பிரதிநிதித்துவத்தைப் பற்றி யாரேனும் விண்ணப்பித்திருக்கலாம்.

சரித்திரம்

இனி, விற்பவனும் வாங்குபவனும் வெவ்வேறு கோலால் அளந்த கதைக்குக் கடலூரே தலைசிறந்த உதாரணம். 1690-இல், சென்னையில் எலிஹு யேல் கவர்னராயிருந்த காலத்தில், தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடமிருந்து ஆங்கிலக் கம்பெனியார் விலைக்கு வாங்கினார்கள். கோட்டையோடு எவ்வளவு நிலம் சேரும் என்பதற்குச் சங்கிலியும் பிடிக்கவில்லை, கோலும் நடவில்லை. பீரங்கிக் குண்டு போய் விழும் எல்லைவரை என்று பேசிக்கொண்டு, கோட்டையிலிருந்து திசைதோறும் சுட்டார்கள். குண்டின் வீச்சுக்குள் கடலூர்ப் பட்டணமே அகப்பட்டது. அவ்வாறு சேர்ந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் வழங்கலாயிற்று. அன்று பீரங்கி வாங்குபவன் கையில் இருந்தது. ஆகவே அளவு வாங்குபவனுக்குச் சாதகமாயிற்று. இன்று அது விற்பவன் கையில் இருக்கிறது. நம் மார்பு எந்த எழுத்தில் போய் விழும் என்பதை அவன் சுடுகிறான்.

ஆனால் அளவு ஊருக்கு ஊர் வேறுபட்டதனாலேயே பொய் ஆகிவிடும் என்று கொள்வதும் தவறு. சோழர் காலத்தில் நிலமளந்த கோல்கள் ஒரே நீளத்தன அல்ல. 16 சாண் கோலும் உண்டு, 18 சாண் கோலும் உண்டு. இருப்பினும் எக்கோலால் அளந்தது என்பதைக் கல்வெட்டில் எழுதினார்கள்; கோலின் நீளத்தைக் கோயிற் சுவரிலே கோடாக வெட்டியும் வைத்தார்கள். ஐயப்பட்டவன் நேரே போய்ச் சுவரில் கோலை வைத்துப் பார்க்கலாம். கௌடில்யரும், விரலளவு என்று சொல்லி விட்டுவிடாமல், எட்டு யவதானியத்தின் நடுப்பகுதி ஓர் அங்குலம், அல்லது மத்திம புருஷனுடைய நடுவிரலின் நடுவிடத்து அகலம் என்று விளக்கினார். நம் கடைக்காரர் எழுதும் 'எம்' என்னும் எழுத்தும் ஒரு மத்திம புருஷனையே குறிக்கிறது. அப்புருஷன் யார், எவ்வூரான் என்பதை மட்டும் அவர் சொல்லுவதில்லை.

கருதலளவை

புகையைக் கண்டு நெருப்பை அனுமானிப்பதுபோல, பிடிக்கும் அக்குளைக் கண்டு அதன் காரணத்தை அனுமானிப்போம். 40 என்னும் சட்டை 40 அங்குலச் சட்டையன்று. 40 அங்குல மார்புடையவனுக்கென உத்தேசித்த சட்டை. அவன் கையைத் தூக்கவும், குனியவும், சாப்பிட்டபின் உட்காரவும் எத்தனை அங்குலம் தாராளமாக விடுவது என்பது அந்தந்தக் கம்பெனியின் ருசி. ஒட்டித் தைப்பவர் இரண்டங்குலம் விட, தளரத் தைப்பவர் ஆறங்குலம் விடுகிறார். ஒவ்வொரு கம்பெனியும் ஓர் ஆசாமியை மாதிரியாக வைத்து வெட்டி, மற்ற அளவுகளைப் படிப்படியாகக் கூட்டியும் குறைத்தும் செய்கிறது. மாதிரி ஆசாமி மாறினால் படிகள் யாவும் மாறும். துணியைப் பல அடுக்காகப் போட்டு இயந்திரக் கத்தியால் வெட்டுகையில் அரையங்குலம் அப்படி இப்படி ஆவதும், பருத்தி முதற் சலவையில் சுருங்குவதும் இதனோடு சேரும். இக்காரணங்களில் வஞ்சகம் சிறிது, சௌகரியம் பெரிது. குற்றம் வேறுபாட்டில் இல்லை. வேறுபாட்டை ஒரே எண்ணால் மூடியதில் இருக்கிறது.

சித்தாந்தம்

ஸ்தபதிகள் இச்சிக்கலை எப்போதோ தீர்த்துவிட்டார்கள். நடராஜத் திருமேனியை ஒரு சாண் உயரத்தில் வார்த்தாலும் ஆளுயரத்தில் வார்த்தாலும், வெளியிலிருந்து அங்குலத்தை இரவல் வாங்குவதில்லை. விக்கிரகத்தின் உயரத்தையே 124 கூறாக்கி, அதில் ஒன்றை அங்குலமாகக் கொள்ளுவது உத்தம தசதாளம். அந்தத் தேகத்திலிருந்தே பெறப்படுவதால் அதற்குத் தேகலப்தாங்குலம் என்று பெயர். சுவாமிமலை ஸ்தபதிகள் இதற்காகத் தென்னை ஓலைக் கீற்றொன்றை மடித்து மடித்து அளவு குறிப்பதை இன்றும் காணலாம். எண்சாண் உடம்பு என்ற வழக்கின் உட்கருத்தும், அவரவர் சாண் அவரவர் உடம்புக்கு என்பதே.

இதையே எங்கள் தெரு டைலர் ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார். கையிலிருந்த சட்டைகளையும், அவற்றின் அளவுகளை எழுதிய அட்டவணையையும், அருணந்தி சிவாசாரியாரையும் அவர் முன்னே பரப்பி நான் உபந்நியசித்தபோது, அவர் தையல் மிஷினை நிறுத்தாமலே, "ஐயா, உங்களுக்கு நல்லா இருக்கிற பழைய சட்டை ஒண்ணு குடுங்க, அதான் அளவு" என்றார். தலைமுறை தலைமுறையாக ஜாக்கெட்டுக்கும் சட்டைக்கும் நம் வீடுகளிலிருந்து தையற்கடைக்குப் போய்வரும் அளவு சட்டையே தேகலப்தாங்குலம்.

ஆகவே வாங்குவோர் கடைப்பிடிக்கவேண்டிய விதி யாதெனில்: உங்களுக்குச் செம்மையாக அமைந்த சட்டை ஒன்றைப் பித்தானிட்டுத் தட்டையாக விரியுங்கள், அக்குளுக்கு அக்குள், தோள் தையலுக்குத் தோள் தையல், பின்கழுத்தடியிலிருந்து ஓரம் வரை, தோளிலிருந்து கைமுனை வரை ஆகிய நான்கையும் அளந்து ஒரு சீட்டில் எழுதி வையுங்கள், திரையில் எழுத்தைப் பாராமல், தைத்த சட்டையின் அளவு எங்கே தரப்பட்டிருக்கிறது என்று தேடி, அந்நான்கோடு ஒப்பிடுங்கள். உடம்பளவு மட்டும் கொடுத்திருந்தால் அக்கம்பெனியின் தாராளம் உங்களுக்குத் தெரியாது; ஒரு சட்டைக்குமேல் ஒரே தடவையில் வாங்காதீர்கள். எந்த அளவும் தராத கடையைக் கடந்து போய்விடுங்கள்.

விற்போருக்கும் ஒரு விண்ணப்பம். திறந்த நிலையில் விற்கும் ஆயத்த ஆடைகளில் எழுத்துக் குறியோடு மீட்டர் அல்லது சென்டிமீட்டர் அளவும் இருக்கவேண்டுமென்று 2022-இல் திருத்திய எடையளவு விதி சொல்லுகிறது. அந்தச் சென்டிமீட்டர் யாருடையது, மனிதனுடையதா சட்டையினுடையதா என்னும் ஒரு சொல்லையும் சேர்த்துவிட்டால், உங்கள் கோல் எந்நீளமானாலும் எங்களுக்கு ஆட்சேபமில்லை. சோழன் கல்லில் வெட்டியதை நீங்கள் துணியில் அச்சிட்டால் போதும்.

இவ்வாராய்ச்சி முழுவதையும் குறிஞ்சிப்பாடித் தறியில் நெய்த கைலி ஒன்றைக் கட்டிக்கொண்டே எழுதி முடித்தேன். அதன் சீட்டில் 2 மீட்டர் என்று போட்டிருந்தது. டேப்பை எடுத்து அளந்து பார்த்தேன், 2 மீட்டர்.