கிரின்ஸ்டெட் சன்னல் துடைப்பு வான்களில் பற்றறி மாற்றும் முறைமை: ஒரு நுண்ணாய்வு

சன்னல் துடைக்கும் வானின் பின்புறத்தில் கிடக்கும் பற்றறி செத்துவிட்டதா, அன்றிப் பசியால் மயங்கிக் கிடக்கிறதா என்ற வினாவை எழுப்பாமலே புதியது வாங்கக் கடைக்குச் செல்வது துறையோரிடையே நெடுநாளாக நிலவும் வழக்கமாகும். டென்மார்க்கின் ஜட்லாந்தில் உள்ள கிரின்ஸ்டெட் என்னும் சிற்றூரை எடுத்துக்காட்டாகக் கொண்டு அவ்வழக்கத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நீண்ட கழியின் நுனியில் தூரிகையைப் பொருத்தித் தரையில் நின்றபடியே மாடிச் சன்னலைக் கழுவும் முறையில், வானின் தொட்டியிலிருந்து தூய நீரைக் கழியின் உச்சிக்கு ஏற்றுவது 12 வோல்ட் பம்பு. அந்தப் பம்புக்குச் சோறு போடுவது ஓய்வுநேரப் பற்றறி எனப்படும் வகை. அது வண்டியைக் கிளப்பும் பற்றறியைப் போல ஒரு கணத்தில் பெருமின்னோட்டத்தைக் கொட்டிவிடாமல், தடித்த தகடுகளின் துணையால் மணிக்கணக்கில் சிறுகச் சிறுக ஈவது, சுற்றுலா வண்டிகளுக்கும் படகுகளுக்கும் உரியது. கடைசிப் பனியுகத்தின் பனிப்பாளம் எட்டாத மணல்வெளியில் ஊர் அமைந்திருப்பதால் இங்குள்ள நீரில் சுண்ணாம்பு கோபன்ஹேகன் நீரில் உள்ளதைவிடக் குறைவு. எனவே நீரைத் தூய்மையாக்கும் பிசின் நெடுநாள் உழைக்கும். நீரில் இவ்வளவு கருணை காட்டிய இயற்கை, மின்சாரத்தில் கையை விரித்துவிட்டது.

இத்தனைக்கும் மின்னியலில் டேனியர் கடன் கொடுத்தவர்களேயன்றிக் கடன்பட்டவர்கள் அல்லர். கம்பியில் ஓடும் மின்னோட்டம் காந்த ஊசியைத் திருப்புவதை 1820இல் ஏர்ஸ்டெட் கண்டார். 1887இல் ஹெல்லெசன் உலர்மின்கலத்தை உருவாக்கினார். எனினும் உலர்மின்கலம் ஒருமுறை தீர்ந்தால் தீர்ந்ததே என்பதால், ஹெல்லெசனை வணங்கி விலகி, 1859இல் பிரெஞ்சுக்காரர் பிளான்டே செய்த ஈய அமிலக் கலத்தின் வழித்தோன்றலையே வானில் ஏற்ற வேண்டியுள்ளது.

பற்றறி பற்றிய உரையாடல் எதிலும் 1897ஆம் ஆண்டின் பொய்க்கெர்ட் விதி தவறாமல் மேற்கோளாக வரும். மின்னோட்டத்தை விரைந்து உறிஞ்சினால் பற்றறியின் பயன்படு கொள்ளளவு சுருங்கும் என்பது அவ்விதி. பெட்டியில் அச்சிடப்பட்ட 110 ஆம்பியர்-மணி என்பது பெரும்பாலும் 20 மணி நேரத்தில், அதாவது 5.5 ஆம்பியர் வீதத்தில், காலி செய்வதாகக் கொண்ட கணக்கு. வேகத்தைக் குறைத்து ஓட்டும் பம்பு உறிஞ்சுவதும் ஏறத்தாழ அதே அளவுதான், அல்லது அதனினும் குறைவு. ஆகவே விதி மெய்யானது, உயர்ந்தது, இங்கே வேலையற்றது.

வேலையுள்ள கணக்கு வேறு. பம்பு 4 ஆம்பியர் வீதம் நாளுக்கு 6 மணி நேரம் ஓடுகிறது எனக் கொண்டால் செலவு 24 ஆம்பியர்-மணி. ஊரின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குச் சில நிமிடங்களே ஆகும் கிரின்ஸ்டெட்டில் எஞ்சின் நாள் முழுவதும் சேர்ந்து 20 நிமிடம் ஓடி, அதன் ஆல்டர்னேட்டர் 20 ஆம்பியர் ஊட்டினாலும் வரவு 7ஐ எட்டாது. நாள்தோறும் 17 கடன். ஈய அமிலப் பற்றறியைப் பாதிக்குக் கீழே இறக்கலாகாது என்பது மரபாதலின், திங்கட்கிழமை நிறைவயிறாகப் புறப்பட்ட 110 ஆம்பியர்-மணிப் பற்றறி வியாழன் காலைத் தேநீருக்குள் எல்லையைத் தாண்டிவிடுகிறது; வார இறுதியிலும் மின்னேற்றாத ஒருவர் அதை 220 ஆக இரட்டித்தால் அதே துக்கம் அடுத்த செவ்வாய்க்கு ஒத்திவைக்கப்படுகிறது. இடைப்பட்ட நாட்களில் குறைவயிற்றோடு கிடக்கும் தகடுகளில் ஈய சல்பேற்றுப் படிகம் இறுகி, மெய்யாகவே சாவு நேர்கிறது.

இதற்குப் பரிகாரம் கூறுவோர் இரு கட்சியினர். வைணவத்தில் இறையருள் பெறுதற்கு உவமையாகத் தாயைத் தானே பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டியை வடகலையாரும், தாய் கவ்விச் செல்லும் பூனைக்குட்டியைத் தென்கலையாரும் முன்னிறுத்தியது போல, மாலைதோறும் வீட்டு மின்னிணைப்பில் சார்ஜரைச் செருகுவதே வழி என ஒரு கட்சியும், ஆல்டர்னேட்டரின் அருளுக்குக் காத்திருப்பதே வழி என மறு கட்சியும் வாதிடுகின்றன. எரிபொருளைச் சேமிக்கத் தன் வோல்ட்டைத் தானே தாழ்த்திக்கொள்ளும் ஆல்டர்னேட்டர்கள் புதிய வான்களில் வந்துவிட்டமையால், அந்த அருளையும் இடையே ஒரு மின்னழுத்த மாற்றி வைத்தே பெற வேண்டியதாயிற்று. கிரின்ஸ்டெட்டில் பூனைக்குட்டி பட்டினி கிடக்கும் என்பதே இக்கட்டுரையின் துணிபு. பழையதை இரவு முழுவதும் மின்னேற்றி, சில மணி நேரம் ஓய்வளித்து அளந்தால் 12.7 வோல்ட்டை ஒட்டி நிற்கிறதா, 12.2க்கு, அதாவது பாதிநிலைக்குச் சரிந்துவிடுகிறதா என்று பார்த்தபின் அன்றோ கடைக்குச் செல்லல் தகும்.

லித்தியம் இரும்புப் பாஸ்பேற்றுப் பற்றறியைப் போற்றுவோர் கூறுவன யாவும் உண்மை: எடை பாதிக்கும் குறைவு, கொள்ளளவில் ஐந்தில் நான்கு பங்கைத் தயங்காமல் எடுக்கலாம், ஆயிரக்கணக்கான சுற்றுகள் உழைக்கும். ஆனால் அதை 0 பாகை செல்சியசுக்குக் கீழே மின்னேற்றலாகாது. உறைபனியில் நீரே கட்டியாகிவிடும்போது தொழிலேது, மின்னேற்றமேது என மறுப்பர் சிலர். அம்மறுப்பு நில்லாது, நண்பகலில் பனி இளகித் தொழில் நடக்க, மின்னேற்றமோ வான் வெளியே நிற்கும் இரவில் நடக்கிறது. 1982 சனவரி 8 அன்று வட ஜட்லாந்தின் ஹோர்ஸ்டெட்டில் பதிவான −31.2 பாகை மீண்டும் வராது என நம்புவோர்கூட, உள்ளே சூடேற்றி அமைந்த வகையையோ, கழற்றி வீட்டுக்குள் கொண்டுசெல்லத்தக்க வகையையோ தேர்வதே முறை.

பழைய ஈயப் பற்றறி மீள்சுழற்சி நிலையத்துக்கே செல்ல வேண்டும். 1924இல் தோன்றிய கிரின்ஸ்டெட் இரசாயன ஆலையின் கழிவு 1956 முதல் 1973 வரை ஜட்லாந்தின் மேற்குக் கடற்கரையில் உள்ள கேர்கோர் மணற்குன்றுகளில் கொட்டப்பட்ட வரலாறு இருக்க, பழைய பற்றறியை வேலியோரம் புதைக்கலாம் எனச் சொல்ல எந்த உரையாசிரியரும் துணியார்.

இனி, கொள்ளளவைப் பற்றிப் பேசுவோர் கவனியாத ஒரு தீர்வு உண்டு. விமான நிலையமும் லெகோலாந்தும் அமைந்த பில்லுண்ட் கால் மணி நேரப் பயணத்தில் உள்ளது. அங்கே ஒரு வாடிக்கையாளரைப் பிடித்தால் போக வர அரை மணி நேரம், மேற்படி கணக்கில் 10 ஆம்பியர்-மணி வரவு, 17ஆக இருந்த கடன் 7ஆகக் குறையும். வாடிக்கையாளர் இல்லாமலே பற்றறிக்காகப் பில்லுண்ட் சென்று திரும்பலாம் என்ற வாதமும் எழலாம். டென்மார்க்கின் டீசல் விலையை அறிந்தோர் அதனை ஏற்கார்.