மறுவீட்டுச் சொதி: மூலபாடமும் பாடபேதமும் – ஒரு பன்முக நோக்கு

தமிழாய்வு உலகில் ஓர் இடைவெளி நெடுநாளாக நிலவி வருகிறது. (எல்லா ஆய்வேடுகளும் இந்த வாக்கியத்தில்தான் தொடங்குகின்றன. மரபை மீற நமக்குத் தகுதி போதாது.) அந்த இடைவெளி இருக்கும் இடத்தைத் துல்லியமாகவே சுட்ட முடியும். திருநெல்வேலிச் சைவப் பிள்ளைமார் வீடுகளில், கல்யாணம் முடிந்த கையோடு பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டாருக்குப் போடும் மறுவீட்டுச் சாப்பாட்டு இலையில், இஞ்சித் துவையலுக்கும் உருளைக்கிழங்குக் காரக்கறிக்கும் நடுவே அது இருக்கிறது. அங்கே ஊற்றப்படுவது சொதி. இதை இதுவரை எவரும் முறையாக ஆராயவில்லை. சொதி ஊற்றிய பிறகு ஆராய எவருக்கும் கை ஒழிவதில்லை என்பதே காரணம் எனலாம்.

வெளி மாவட்ட வாசகருக்காக ஒரு வரையறை. தேங்காயைத் துருவி மூன்று பால் எடுக்க வேண்டும். மூன்றாம் பாலில் காய்கள் வேகும். இரண்டாம் பாலில் குழைய வெந்த சிறுபருப்பும், அரைத்த இஞ்சி பச்சைமிளகாயும் சேர்ந்து கொதிக்கும். கெட்டியான முதல் பால் கடைசியில்தான் உள்ளே வரும். வந்தபின் கொதிக்கக் கூடாது. தேங்காய்ப் பாலில் எண்ணெயையும் தண்ணீரையும் பிணைத்து வைத்திருப்பது புரதம். சூடு 80 டிகிரியை ஒட்டி ஏறினால் புரதம் உறைந்து, பிணைப்பு விட்டு, பால் திரிந்து, எண்ணெய் தனியே மிதக்கும். வேதியியல் இவ்வளவு இழுத்துச் சொல்வதைப் பெரிய ஆச்சி மூன்றே சொல்லில் முடித்துவிடுகிறார்: “நுரை கட்டுச்சுன்னா இறக்கிருட்டி” (பெரிய ஆச்சி, வாய்மொழி). எலுமிச்சம்பழம் இறக்கிய பிறகே பிழியப்படும். முன்பே பிழிந்தவர்கள் குடும்ப வரலாற்றில் இன்றும் பெயரோடு நினைவுகூரப்படுகிறார்கள்.

இயல் 1: முன்னோர் ஆய்வுகள்

இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் 1881இல் திருநெல்வேலிச் சீமையின் வரலாற்றை எழுதினார். பாண்டியர், நாயக்கர், பாளையக்காரர் என்று எல்லாரும் அதில் உண்டு. சொதிக்கென்று ஓர் இயல் இல்லை. 1876இல் ஜெர்மனியிலிருந்து வந்த யாகோர், ஆதிச்சநல்லூரில் தோண்டிக் கிடைத்ததை பெர்லினுக்குக் கொண்டுபோனார். பெர்லினிலிருந்தும் சொதி பற்றிச் செய்தி ஏதும் இல்லை. பின்பு சிவகளையில் ஒரு முதுமக்கள் தாழியில் நெல் கிடைத்தது. அதன் காலம் கி.மு. 1155 என்று 2021இல் சட்டப்பேரவையில் அறிவிக்கப்பட்டது. தாமிரபரணியாகிய பொருநைக் கரையில் மூவாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே சோறு இருந்திருக்கிறது என்றால், அந்தச் சோற்றில் ஊற்றிக்கொள்ள என்ன இருந்தது என்ற கேள்வி இயல்பாகவே எழ வேண்டும். எழவில்லை. எந்த ஊர் எந்த ஊரைவிட மூத்தது என்ற விசாரணையில் அறிஞர்கள் மும்முரமாக இருக்கிறார்கள். குழம்பை யார் கேட்பது?

இயல் 2: சொற்பிறப்பு

இதைத் தொடங்கியவர் எவரும் பந்திக்கு நேரத்தில் வந்து சேர்ந்ததில்லை. தவிர்க்கிறோம்.

இயல் 3: காலம்

இங்கே இரு பள்ளிகள் உள்ளன. நெல்லைச் சீமையில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியைப் பதிப்பித்த எஸ். வையாபுரிப் பிள்ளை, நூல்களின் காலத்தைப் பின்னுக்குத் தள்ளிவிட்டார் என்று சொந்த ஊர்க்காரர்களிடமே ஏச்சு வாங்கியவர். ஒரு நூலில் காணப்படும் மிகப் பிந்திய சொல் எதுவோ, அதற்கு முன்னால் அந்நூல் தோன்றியிருக்க முடியாது என்பது அந்தப் பள்ளியின் வழி. அதே அளவுகோலைச் சட்டியில் வைத்துப் பார்த்தால் நிலைமை மோசம். சொதியில் உருளைக்கிழங்கு இருக்கிறது. அது தென்னமெரிக்க மலையிலிருந்து வந்தது. பீன்ஸும் அந்தப் பக்கத்துச் சரக்கே. இன்றைய ஆரஞ்சு நிறக் கேரட் வெள்ளைக்காரன் கொண்டுவந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, பச்சைமிளகாய்! வாஸ்கோ ட காமா 1498இல் கோழிக்கோட்டில் இறங்கிய பிறகு, போர்த்துகீசியக் கப்பல்களில் வந்த காய் அது. ஆகவே நம் முப்பாட்டனுக்கு முப்பாட்டன் காலத்திலிருந்து ஒரு சிட்டிகை மாறாமல் வருவதாகச் சத்தியம் செய்யப்படும் சொதியின் வயது, அதிகம் போனால் ஐந்நூறு.

எதிர்ப்பள்ளி இதை ஏற்காது. பச்சைமிளகாய் இருந்த இடத்தில் ஆதியில் மிளகு இருந்தது என்கிறது அது. உருளைக்கிழங்கின் இடத்தில், பொங்கலுக்கு இன்றும் நாம் தேய்த்துத் தேய்த்துத் தோலுரிக்கும் சிறுகிழங்கு. பீன்ஸுக்கு அவரை. கேரட்டுக்கு ஒன்றும் இல்லை, கேரட் எதற்கு? இப்படி ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போனால் சொதியின் பழமை உறுதியாகக் கிடைத்துவிடுகிறது. கிடைக்காமல் போவது சொதி மட்டுமே.

இயல் 4: பாடபேதம்

ஆய்வின் உயிர்நிலை இதுதான். வாசகர் கொஞ்சம் வசதியாக உட்கார்ந்துகொள்வது நல்லது.

உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்கப் பல ஏடுகளைத் தேடி ஒப்பிட வேண்டியிருந்தது என்பதை அனைவரும் அறிவர். அவருக்கு இருந்த ஒரு பெரும் வசதியை எவரும் சுட்டவில்லை. அவருடைய ஏடுகள் ஒன்றையொன்று பார்த்துப் பேசிக்கொள்ளவில்லை. நம் ஏடுகள் பேசும். பேசாமல் இருக்கும் நாட்கள் இன்னும் ஆபத்து.

கைக்கு எட்டிய மூலங்கள் நான்கு. முதலாவது பெரியம்மை ஏடு (மளிகைச் சிட்டை, ஒன்பதாம் வரி, எண்ணெய்க் கறைக்குக் கீழே). இரண்டாவது சித்தி ஏடு (தினசரி காலண்டர்த் தாளின் பின்புறம், பென்சில், முன்புறத்தில் அன்றைய ராகுகாலம். அந்த நேரத்தில் எழுதியதால்தான் அதில் பருப்பு அதிகம் என்று பெரியம்மை உரை கூறுகிறது). மூன்றாவது சின்ன மயினி, அதாவது சின்ன அண்ணி, ஏடு (வாட்ஸ்அப் குரல் பதிவு, நடுவே மிக்ஸி ஓடியதால் இஞ்சியின் அளவு கேட்கவில்லை, பின்னணியில் அழும் பெண் தொலைக்காட்சித் தொடரைச் சேர்ந்தவர், தகவலாளி அல்லர்). நான்காவது, சமையற்காரரான தவசிப்பிள்ளையின் ஏடு (மொய் நோட்டின் கடைசிப் பக்கம்; மூலப் பிரதி மறைந்தது; கிடைத்த ஜெராக்ஸில் இடது ஓரம் வெட்டுப்பட்டுள்ளது; “பூண்டு” என்ற சொல் வந்திருக்க வேண்டிய இடத்தில் சரியாக ஒரு துளை. செல் அரித்தது என்பர் சித்தி. “செல்லு இல்ல, அவ நகம்” என்பர் பெரியம்மை, பார்க்க: பெரியம்மை, மாடிப்படிக்கு அடியில் சொன்னது, சித்தி குளிக்கப் போயிருந்தபோது, முதற் கூற்று, அதை மறுத்து அவரே அன்று மாலை அனைவர் முன்னிலையிலும் சொன்னது, இரண்டாம் கூற்று).

ஆம், சிக்கல் பூண்டில்தான். பெரியம்மை பாடத்தில் முழுப் பூண்டு உரித்துப் போடப்படும். சித்தி பாடத்தில் பூண்டே இல்லை. கல்யாண வீட்டில் பூண்டு எதற்கு என்பது அவர் வாதம். பெரியம்மை சொல்கிறார்: “தேங்காப்பாலும் பருப்பும் சேந்தா வாயு பிடிக்கும்ளா, பூண்டு போடாட்டா ராத்திரி பூரா உன் வீட்டுக்காரருக்கு வெந்நி வச்சுக் குடுக்க நீதான் முழிச்சிருக்கணும்.” சித்தி: “அதுக்குத்தான இஞ்சித் துவையலு?” ஆக, இரு கட்சிகளும் செரிமானத்தை ஆதாரமாகக் காட்டுகின்றன. இரு கட்சியினருக்கும் செரிப்பதில்லை.

அடுத்து இடைச்செருகல்கள். வண்ணார்பேட்டையில் வட்டத்தொட்டி என்ற இலக்கியக் கூட்டம் கூட்டிய ரசிகமணி டி.கே.சி. இவ்விஷயத்தில் நமக்கு வழிகாட்டி. தம் காதுக்குக் கம்பன் குரலாகப் படாத பாட்டுகளையெல்லாம் இடைச்செருகல் என்று ஒதுக்கிவிட்டு, மிஞ்சியதைக் ‘கம்பர் தரும் ராமாயணம்’ என்று அச்சிட்டார். பண்டிதர்கள் கொதித்தார்கள். ஆனால் அம்முறையின் வசதியை எண்ணிப் பாருங்கள். ஏடு வேண்டாம், அடிக்குறிப்பு வேண்டாம், செவி போதும். திருநெல்வேலி அடுக்களைகளில் செவிக்குப் பதில் நாக்கு. பெரியம்மைக்குப் பச்சைப் பட்டாணி பிடிக்காது; ஆகவே பட்டாணி இடைச்செருகல். சித்திக்கு முருங்கைக்காய்ச் சக்கை இலையில் சேர்வது பிடிக்காது. ஆகவே முருங்கைக்காய் பிற்காலத்தார் சேர்த்தது. நெய்யில் வறுத்த முந்திரி சின்ன மயினி பாடத்தில் மட்டுமே வருகிறது. ஆனால் எவரும் அதை இடைச்செருகல் என்று சொல்வதில்லை. முந்திரிப் பருப்பும் போர்த்துகீசியர் கொண்டுவந்ததுதானே என்று ஆய்வாளர் எடுத்துக்காட்டியபோது, “அது பழசுதான், நீ பேசாம இரி” என்று நால்வரும் ஒரே பாடம் ஓதினர். இந்த ஆய்வில் நான்கு ஏடுகளும் ஒத்துப்போன இடம் அது ஒன்றே. காலிபிளவர் பற்றிய விவாதம் கண்ணியம் கருதி நீக்கப்பட்டது.

இவ்வியலின் சுருக்கம் ஒரு பன்னாட்டுக் கருத்தரங்குக்கு அனுப்பப்பட்டது. பதிவுக் கட்டணம் கட்டியவுடன் சான்றிதழ் வந்துவிட்டது. கட்டுரையை இனிமேல்தான் எழுத வேண்டும்.

இயல் 5: ஈழத்துச் சொதி

இலங்கையிலும் சொதி உண்டு. மஞ்சள் போட்டு, தண்ணீராக, இடியப்பத்துக்கு ஊற்றுவது. மீன் போடுவோரும் உண்டு. இங்கிருந்து அங்கே போனதா, அங்கிருந்து இங்கே வந்ததா? தாமிரபரணி முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் பழைய கொற்கைத் துறைமுகம், எதிரே மன்னார் வளைகுடா, இருகரையிலும் முத்துக்குளித்தார்கள். இவ்வளவு போதும், ஒரு முனைவர் பட்டத்துக்கு. நமக்கு வேறு வேலை இருக்கிறது.

இயல் 6: தண்ணீர்க் கொள்கை

நெல்லையில் எது ருசித்தாலும் தாமிரபரணித் தண்ணீரே காரணம். அல்வாவுக்கு அதுவே, சொதிக்கும் அதுவே. பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடல் சேரும்வரை ஆறு சுமார் 128 கிலோமீட்டர் ஓடுகிறது; மணிமுத்தாறு, கடனாநதி, சித்தாறு எல்லாம் வழியில் கலக்கின்றன. இதில் எந்த இடத்துத் தண்ணீர் என்று கேட்டால், பாபநாசத்தார் பாபநாசம் என்பர், குறுக்குத்துறையில் குளிப்பவர் குறுக்குத்துறை என்பர். கொள்கையை நிரூபிக்க, சென்னையில் குடியேறிய சித்தி நெல்லை எக்ஸ்பிரஸில் ஒரு கேன் தண்ணீர் கொண்டுபோனார். சொதி திரிந்துபோனது. முதல் பாலைக் கொதிக்கவிட்டதுதான் காரணம் என்று எளியோர் கருதுவர். தண்ணீர் எழும்பூரில் இறங்கியதும் மனமுடைந்தது என்பதே அறிஞர் துணிபு (சித்தி, தொலைபேசி வழி).

இயல் 7: இலைக்கணக்கு

இந்த ஓர் இயலை மட்டும் கேலி இல்லாமலும் படிக்கலாம். கல்யாணப் பந்தியில் சாம்பாரும் மறுவீட்டில் சொதியும் ஏன்? ஆள் கூடிவிட்டால் சாம்பாரில் வெந்நீர் விட்டுச் சமாளிக்கலாம். ரசம் விரிந்து கொடுப்பதற்கென்றே பிறந்தது. சொதி விரியாது. நாலு இலைக்கு ஒரு தேங்காய் என்பது வீட்டுக் கணக்கு. முதல் பால் அந்தத் தேங்காயில் எவ்வளவோ அவ்வளவுதான். மேலே ஒரு செம்பு தண்ணீர் விட்டால் காய்கள் குளத்தில் குளிப்பது இலையில் உட்கார்ந்தவர் கண்ணுக்கே தெரியும். ஊரே வரும் பந்தியில் இதை வைக்க முடியாது. தலை எண்ணி அழைக்கப்பட்ட சம்பந்திகளுக்குத்தான் வைக்க முடியும். “உங்களை எண்ணித்தான் பண்ணினோம்” என்று வாயால் சொல்லாமல் சொல்வது அது.

ஆகவே மறுவீட்டுத் திட்டமிடல் முழுவதும் எண்ணிக்கையில் நிற்கிறது. வருகிறேன் என்று வருபவர், வருகிறேன் என்று வராதவர், வரவில்லை என்று வராதவர் ஆகிய மூன்று வகையாரால் தொல்லை இல்லை. “நாங்க வரலை, நீங்க நல்லபடியா நடத்துங்க” என்று சொல்லிவிட்டுப் பதினொன்றரைக்கு வேனில் வந்து இறங்கும் நான்காம் வகையினருக்காக, தவசிப்பிள்ளை எவரிடமும் சொல்லாமல் ஐந்து தேங்காய் கூடுதலாக உடைக்கிறார். வீட்டார் கணக்குப் பார்க்கும்போது அது ‘அழுகல்’ என்ற தலைப்பில் வரும்.

இயல் 8: வாய்மொழித் தேர்வு

முனைவர் பட்டத்துக்கு உள்ளதுபோல் இதற்கும் அகத்தேர்வாளர் ஒருவர், புறத்தேர்வாளர் ஒருவர். அகத்தேர்வாளர் பெரிய ஆச்சி. அடுக்களை நடையில் முக்காலி போட்டு அமர்ந்திருந்தார். புறத்தேர்வாளர் மாப்பிள்ளையின் பெரியப்பா. கோயம்புத்தூர்க்காரர், இந்த வீட்டில் வெளி மாவட்டத்துச் சம்பந்தம் இதுவே முதல் முறை. இலை விழுந்தது. துவையல், காரக்கறி, அப்பளம், சோறு. பூண்டு போட்டதும் போடாததுமாக இரண்டு சட்டி வைக்கப்பட்டிருந்தது. எது எது என்பதைத் தவசிப்பிள்ளை கடைசிவரை வெளியிடவில்லை. சொதி ஊற்றப்பட்டது. பெரியம்மை தூண் ஓரம், சித்தி எதிர்த் தூண் ஓரம். பெரியப்பா பிசைந்தார். ஒரு வாய் உண்டார். கண்ணை மூடினார்.

“இதென்னங்க, வெள்ளக் குருமாவுங்களா? ரொம்ப நல்லாருக்குதுங்க. இன்னுங் கொஞ்சம் ஊத்தச் சொல்லுங்க.”

இரண்டு தூண்களும் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்தன. பூண்டு ஏற்பவரும் மறுப்பவரும் தோளோடு தோள் நின்று ஒரு மறுப்புரைக்கு வாய் திறந்த அந்தக் கணத்தில், நடையிலிருந்து அகத்தேர்வாளர் குரல் வந்தது:

“ஆமாய்யா, குருமாதான். நல்லாச் சாப்பிடுங்க. ஏளா, பாத்துக்கிட்டு நிக்கியே, சம்பந்திக்கு இன்னும் ரெண்டு அகப்பை குருமா விடு.”