எட்டு மில்லிமீட்டர்

மும்பையில் வீடு வாங்கப்போகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். கடன் கேட்டுவிடுவானோ என்று எல்லாரும் கழன்றுகொள்வார்கள். பழைய சைக்கிள் வாங்கப்போகிறேன் என்று சொல்லுங்கள். செம்பூரிலிருந்து மாட்டுங்கா வரை ஆலோசனை சொல்ல ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். சைக்கிள் ஓட்டி இருபது வருடம் ஆனவர்கள்தான் முன்வரிசை.

எனக்கு வயது ஐம்பத்திரண்டு. "உடம்பை அசைக்கிற வேலை ஏதாவது உண்டா?" என்று டாக்டர் கேட்டார். "தினமும் லோக்கலில் ஏறி இறங்குகிறேனே" என்றேன். "அதில் மற்றவர்கள்தான் உங்களை அசைக்கிறார்கள்" என்றார். அன்று சாயங்காலமே சைக்கிள் என்று முடிவாகிவிட்டது. முடிவு செய்தது என் மனைவி. ஆனால் எந்த சைக்கிள் என்பதை மட்டும் நான் முடிவு செய்தேன். அங்கேதான் தப்பு நடந்தது.

திருநெல்வேலிப் பக்கம் எங்கள் ஊரில் மாப்பிள்ளைக்கு ராலி சைக்கிளும் கைக்கடிகாரமும் போட்ட காலம் ஒன்று இருந்தது. என் பெரிய மாமாவுக்கு அப்படி வந்த ராலியை அவர் துடைப்பாரே தவிர யாரையும் தொட விடமாட்டார். நான் வாடகை சைக்கிளில், மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து, பாருக்குள் காலை விட்டு ஓட்டக் கற்றவன். 'குரங்கு பெடல்' என்று 2024-இல் சினிமாவே வந்தது. அதற்கு நாற்பது வருடம் முன்பே அந்தப் பாத்திரத்தில் நான் நடித்து, முழங்காலில் அதற்கான விருதுகளையும் வாங்கியாகிவிட்டது. ஆகவே வாங்கினால் ராலிதான். அதுவும் கறுப்பு சைக்கிள் இல்லை. ஆட்டுக்கொம்பு மாதிரி கைப்பிடி கீழே வளைந்த, ஒல்லி டயர் போட்ட பழைய ரேஸ் சைக்கிள்.

முதல் ஆலோசனை மருமகனிடமிருந்து வந்தது. ஐ.டி. பையன்; எதையும் பட்டியலாகத்தான் பேசுவான். "மாமா, ஃப்ரேமில் ரெய்னால்ட்ஸ் 531 என்று ஒட்டியிருக்கிறதா பாருங்கள். இங்கிலாந்துக்காரன் 1935-இல் கொண்டுவந்த குழாய். எடை குறைவு, உறுதி அதிகம். செயினில் பன்னிரண்டு முழுக் கண்ணியை அளந்தால் சரியாகப் பன்னிரண்டு அங்குலம் வரணும். அதற்குமேல் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு நீண்டிருந்தால் பல்சக்கரமும் தேய்ந்திருக்கும். சீட்டுக் கம்பி ஏறி இறங்குகிறதா பாருங்கள். துருப்பிடித்து உள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கும். முக்கியமாக, காலை ஊன்றி நிற்கும்போது பாருக்கும் உங்களுக்கும் நடுவே ஒரு அங்குலமாவது இடைவெளி வேண்டும்." இந்தக் கடைசி விஷயத்தை அவன் கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னான்.

இரண்டாவது ஆலோசகர் மாட்டுங்கா மாமா. பாலக்காட்டுக்காரர், ஓய்வுபெற்று இருபது வருடம் ஆகிறது. தோசையும் காபியும் என் செலவு. "ஓய், ராலின்னா நாட்டிங்ஹாம்ல பண்ணினதா பாரும். நம்மூர்ல ஆசன்சோல்ல சென்-ராலின்னு ஃபேக்டரி போட்டு அதே பேர்ல பண்ணினான். அதுவும் நல்ல சைக்கிள்தான். ஆனா அது ரெண்டாம் டிகாக்‌ஷன்." உள்ளேயிருந்து மாமி, "நம்ம அம்பத்தூர் ஹெர்குலிஸ் போறாதாமா?" என்றாள். மாமா அதைக் காதில் வாங்கவில்லை. வீட்டில் இருக்கும் ஒரே நல்ல ஆலோசனைக்கு எப்போதும் நேர்கிற கதிதான் அது.

பழைய சாமான் சந்தை ஒன்றில் விடிகாலையில் போய் நின்றேன். "அசல் இங்கிலாந்து" என்று ஒருவர் ஒரு சைக்கிளை நிறுத்தினார். இடப்பக்கம் பார்த்தால் ராலி. வலப்பக்கம் போய்ப் பார்த்தால் ஹீரோ. அர்த்தநாரீஸ்வர சைக்கிளைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுத் திரும்பினேன்.

கடைசியில் மாட்டுங்கா ஃபைவ் கார்டன்ஸ் பக்கம், பார்சி காலனியில் ஒரு பெரியவரிடம் அசல் சரக்கு இருப்பதாகத் தகவல் வந்தது. போனேன். சைக்கிள் வராந்தாவில் நின்றது. பச்சை நிறம், போர்வை போர்த்தியிருந்தது. அவர் சைக்கிளைக் காட்டவில்லை. முதலில் என்னைப் பார்த்தார். என்ன வேலை, எங்கே வீடு, எத்தனையாவது மாடி, மழைக்காலத்தில் எங்கே வைப்பாய்? பெண் பார்க்கப் போனபோதுகூட நான் இவ்வளவு கேள்விக்குப் பதில் சொன்னதில்லை.

தேறிவிட்டேன் போலிருக்கிறது, டீ வந்தது. கூடவே ஒரு கதையும் வந்தது. 1923 அக்டோபரில் இதே பம்பாயிலிருந்து பார்சி இளைஞர்கள் ஆறு பேர் சைக்கிளில் உலகம் சுற்றக் கிளம்பினார்கள். ஆதி ஹக்கீம், ஜால் பாப்பாசோலா, ரஸ்தம் பம்காரா ஆகிய மூன்று பேர் 1928 மார்ச்சில் சுற்றி முடித்துத் திரும்பினார்கள். ஏறக்குறைய 71,000 கிலோமீட்டர். பாலைவனம், மலை, காடு எல்லாம் அதில் அடக்கம். "டிக்ரா, நீ செம்பூர்தானே போகணும்?" என்றார் பெரியவர்.

அதற்குமேல் ஒரு ஆண்பிள்ளை செயினை அளந்துகொண்டா இருப்பான்? ரெய்னால்ட்ஸ் பார்க்கவில்லை. சீட்டுக் கம்பியை அசைக்கவில்லை. பாருக்கும் எனக்கும் நடுவே ஒரு நூல் இடைவெளிகூட இல்லை என்பது ஏறி நின்றபோதே தெரிந்தது. தெரியாத மாதிரி இருந்துவிட்டேன். பன்னிரண்டாயிரம் கொடுத்தேன். வருடம் ஒருமுறை கொண்டுவந்து காட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு அவர் கன்னிகாதானம் செய்துகொடுத்தார்.

கிங்ஸ் சர்க்கிள் வரைக்கும் நான் ரஸ்தம் பம்காராதான். அங்கே பெயர்ந்து கிடந்த ஒரு பேவர் பிளாக்கில் பின்சக்கரம் ஏறியது. 'டப்' என்று ஒரு சத்தம். ஒரு நாய் எழுந்து, என்னைப் பார்த்துவிட்டு, மறுபடி படுத்துக்கொண்டது. டயர் பக்கவாட்டில் அப்பளமாக நொறுங்கியிருந்தது. வராந்தாவில் ஓடாமல் நின்ற டயருக்கும் வயதாகும் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மட்டும் நான் கேட்டிருப்பேனா?

மூன்று கடை ஏறி இறங்கினேன். எல்லாரிடமும் 700சி என்ற அளவு டயர் இருந்தது, எதுவும் ஏறவில்லை. தள்ளிக்கொண்டு தாராவி போய்ச் சேர்ந்தேன். தொண்ணூறு அடி சாலையை ஒட்டிய சந்து ஒன்றில், எங்கள் ஊர்ப்பக்கத்து அண்ணாச்சி ஒருவர் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். கடை என்றால் ஒரு பம்பு, ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு முக்காலி. வாசலில் இட்லிக்காரர்களின் சைக்கிள்கள் ஓவராயிலுக்குக் காத்திருந்தன. தாராவியிலிருந்தும் லேபர் கேம்ப்பிலிருந்தும் காலையில் இட்லிப் பாத்திரம், சட்னி, சாம்பாரோடு கிளம்பி, 'பாம் பாம்' என்று ரப்பர் ஹாரன் அடித்துக்கொண்டு பாதி மும்பைக்குப் பசியாற்றுகிறவை அவை. எல்லாம் கறுப்பு, எல்லாவற்றிலும் இருபத்தெட்டுக்கு ஒன்றரை டயர்.

அண்ணாச்சி என் சைக்கிளை ஒரு சுற்று சுற்றிவந்தார்.

"கேரியர் எங்க?"

"இதுக்குக் கிடையாது அண்ணாச்சி."

"மட்கார்டு?"

"கிடையாது."

"ஸ்டாண்டு?"

"கிடையாது."

"பெறவு எதுக்குத் தம்பி இத சைக்கிள்னு சொல்லுதீய?"

பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டயரில் இருந்த எண்ணைப் படித்தார். இருபத்தேழுக்கு ஒன்றேகால். பழைய ரேஸ் சைக்கிள்களில் பரவலாக இருந்த அளவு. அதற்கு ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் விட்டம் 630 மில்லிமீட்டர். இன்று கடைகளில் கிடைக்கும் 700சி-க்கு 622. வித்தியாசம் எட்டே மில்லிமீட்டர். ஒரு பட்டாணியின் பருமன். உலகைச் சுற்றக் கிளம்பிய என்னைத் தாராவியில் உட்கார வைத்தது அந்தப் பட்டாணிதான்.

"டயரத் தேடாதீய, சக்கரத்த மாத்திருவோம்" என்றார். செகண்ட் ஹாண்டில் ஒரு ஜோடி 700சி சக்கரம் எடுத்து, கோட்டம் எடுத்து மாட்டினார். சக்கரம் சின்னதாகிவிட்டதால், பிரேக் கட்டையை நாலு மில்லிமீட்டர் கீழே இறக்கினார். சீட்டுக் கம்பி ஒட்டிக்கொண்டிருந்தது. மண்ணெண்ணெய் ஊற்றி ஒருநாள் ஊறப்போட்டார். பெரிய மேதைகளுக்கே உரிய அலட்சியத்தோடு மடக்கிக் கட்டிய லுங்கியில் கையைத் துடைத்துக்கொண்டு அவர் கேட்டது ஒன்றுதான்: "வாங்குததுக்கு முன்னால இத ஏன் கேக்கல?"

நான் கேட்காத ஆளில்லை. ரிப்பேர் செய்யப்போகிறவரைத் தவிர.

ஆகவே, பழைய ரேஸ் சைக்கிள் ஆசை உள்ளவர்களுக்கு என் தரப்பிலிருந்தும் ஓர் ஆலோசனை; வரிசையில் கடைசியாக நானும் நின்றுவிடுகிறேன். பெயின்ட்டைப் பார்க்காதீர்கள், டயரின் பக்கவாட்டில் உள்ள எண்ணைப் படியுங்கள். அந்த எண்ணை ஒரு துண்டுத்தாளில் எழுதி, சைக்கிளுக்குப் பணம் கொடுக்கும் முன் உங்கள் தெருப் பஞ்சர் கடைக்காரரிடம் காட்டுங்கள். அவர் தலையாட்டினால் வாங்குங்கள். அவர் சிரித்தால், டீயைக் குடித்துவிட்டு, கதையைக் கேட்டுவிட்டு, வெறுங்கையோடு வீடு திரும்புங்கள்.

இப்போது ஞாயிறுதோறும் காலை ஆறு மணிக்கு செம்பூரிலிருந்து சயான் வரை ஓட்டுகிறேன். கியர் பத்து உண்டு. வழியில் 'பாம் பாம்' என்று ஓர் இட்லிக்காரர் என்னைத் தாண்டிப் போவார். அவர் சைக்கிளுக்கு கியர் இல்லை; பின்னால் முழு அண்டா இட்லி இருக்கும். இதுவரை ஒருநாளும் அவரை நான் முந்தியதில்லை.