மூன்று மோட்டாரும் என் முழங்காலும்

எப்போதும்வென்றான் ஊர்ப் பக்கம் கோவில் கொடை வந்தால் மாட்டுவண்டிப் பந்தயம் இருக்கும். பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று பிரிவு பிரிவாக வண்டிகள் பறக்க, கூடவே பைக்கில் கேமராக்காரர்களும் பறப்பார்கள். அதில் நானும் ஒருவன். என் வீடியோவைப் பார்ப்பவர்களுக்கு ஓடியது மாடா, ரோடா என்பதில் தெளிவு இருக்காது.

கேமரா சோனி இசட்வி-இ10. பேட்டரியோடு 343 கிராம்தான். சென்சாரே நகர்ந்து ஆட்டத்தைச் சரிக்கட்டும் வசதி இதில் கிடையாது. 'ஆக்டிவ்' என்றொரு மின்னணு ஏற்பாடு உண்டு. அது படத்தின் ஓரங்களைத் தின்றுவிட்டுத்தான் வேலை பார்க்கும். எனவே, கேமராவை மோட்டார் வைத்து ஆடாமல் பிடிக்கும் கிம்பல் வாங்குவது என்று முடிவானது. கையில் இருந்த காசுக்குப் பழைய ஜியூன் கிரேன் எம்2 ஒன்று அமைந்தது. 720 கிராம் வரை தாங்கும். கேமராவும் 116 கிராம் கிட் லென்ஸும் சேர்ந்து 459 கிராம். இன்னும் எவ்வளவோ இடம் இருக்கிறதே என்ற தெம்பில், சாயங்கால வெளிச்சத்துக்கு ஆகும் என்று சிக்மா 16 எம்எம் எஃப்1.4 லென்ஸை வாங்கிப் போட்டேன்.

ஆன் செய்ததும் மோட்டார் உறுமியது, கேமரா தலையைத் தொங்கப்போட்டது. சார்ஜ் ஏற்றினேன். ஃபர்ம்வேர் அப்டேட் செய்தேன். பழசை வாங்கியதால் வந்த வினை என்று விற்றவரை மனதுக்குள் திட்டினேன். எடை போட்டுப் பார்க்க மட்டும் தோன்றவில்லை. தோன்றியபோது, லென்ஸோடு கேமராவை மளிகைக்கடைத் தராசில் கொண்டுபோய் வைத்தேன்.

"என்ன தம்பி, இதையும் கிலோ கணக்குலதான் விக்கிறானா?" என்றார் கடை அண்ணாச்சி.

748 கிராம். 28 கிராம் கூடுதல்.

சரி, கிட் லென்ஸே போதும் என்று திரும்பினால், அப்போதும் உறுமல். கிம்பலை அணைத்து வைத்திருக்கும்போதே, கேமராவை எந்தக் கோணத்தில் விட்டாலும் அப்படியே நிற்கும்படி முன்னும் பின்னும் நகர்த்திச் சமன் செய்ய வேண்டும். பிறகுதான் ஸ்விட்ச். மோட்டார் சிறு சாய்வுகளைத் திருத்துவதற்கு. சுமை தூக்குவதற்கு அல்ல. நானோ, மூன்று மோட்டார் இருக்கிறது, அதுபாட்டுக்குப் பார்த்துக்கொள்ளும் என்று இருந்தேன். போதாததற்கு மைக் ஒயரை இழுத்துக் கட்டி, கேமரா திரும்பும்போதெல்லாம் கடிவாளமும் போட்டிருந்தேன்.

அடுத்து, கடன் சொல்லி டிஜேஐ ஆர்எஸ் 3 மினி. 2023இல் வந்தது, 795 கிராம், 2 கிலோ வரை தாங்கும். சிக்மாவை மாட்டி, ஒழுங்காகச் சமன் செய்து, பந்தயத்தில் பைக்கின் பின்னால் திரும்பி உட்கார்ந்து எடுத்தேன். வீட்டில் போட்டுப் பார்த்தால் அடிவானம் மட்டம் பிசகவில்லை. ஆனால் காட்சி மொத்தமும் கம்பு இடிக்கிற உலக்கையாக, சாயாமல், நேராக ஏறி ஏறி இறங்கியது.

பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். மூன்று மோட்டாரும் மூன்று விதத் திரும்பலைத் திருத்தும்: மேல்-கீழ் சாய்வு, பக்கச் சாய்வு, இடவலத் திரும்பல். ஆளே தூக்கிப் போடப்பட்டால் அவற்றுக்கு அதில் வேலை இல்லை. 1970களில் காரெட் பிரவுன் உருவாக்கிய ஸ்டெடிகாமில், உடம்போடு கட்டிய கவசத்திலிருந்து ஸ்பிரிங் கை ஒன்று நீள்வது அந்தக் குலுக்கலை வாங்கிக்கொள்ளத்தான். 1976இல் வந்த 'ராக்கி' படத்தில் நாயகன் படியேறி ஓடியது அதில் எடுத்ததே. இதைப் பணம் கொடுப்பதற்கு முன்னால் படித்திருக்கலாம். அப்போது நான் விலைப் பட்டியல்கள் படித்துக்கொண்டிருந்தேன்.

ஸ்பிரிங் கைக்கு வழியில்லாதவன் முழங்காலை ஸ்பிரிங்காக்க வேண்டும். பாதி உட்கார்ந்த வாக்கில், குதிகாலை முதலில் ஊன்றி, மெல்ல முன்பாதத்துக்கு வரும் நடை. கோடையில் வெடித்துக் கிடக்கும் கரிசலில் அதைப் பழகினேன். வெடிப்பில் கால் மாட்டினால் படத்தில் தெரியும், முகத்திலும் தெரியும். "மூலம் வந்திருக்கா?" என்று ஒரு மாமா அக்கறையோடு கேட்டுவிட்டு, மருந்தும் சொல்லிவிட்டுப் போனார். பைக்கில் இப்போது இருக்கையை விட்டு லேசாக எழும்பி நின்று எடுக்கிறேன். வீடியோ தேவலை, தொடைதான் இரண்டு நாள் பேசுகிறது.

பழைய கிம்பலை விற்கலாம் என்று சொல்லி வைத்திருந்தேன். கயத்தாறிலிருந்து ஒரு தம்பி கூப்பிட்டான்.

"பைக்கில போகும்போது குலுங்காதுல்லண்ணே?"

மூன்று மோட்டார், சாய்வு, குலுக்கல், முழங்கால் எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கினேன். லென்ஸை எடை போடச் சொன்னேன். குதிகாலை எப்படி ஊன்ற வேண்டும் என்பதுவரை வந்தபோது,

"சரிண்ணே, வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன்" என்று வைத்துவிட்டான்.