ராகுகாலமும் நவஹோ நேரமும்

அரிசோனாக்காரர்கள் 1968-லிருந்து கடிகாரத்தைத் தொடுவதில்லை. ஹவாய் நீங்கலாக மற்ற மாநிலத்தார் எல்லாம் மார்ச்சில் முள்ளை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி, நவம்பரில் பின்னே இழுத்துக்கொண்டிருக்க, இவர்கள் மட்டும் ‘அடிக்கிற வெயில் போதும், சாயங்காலம் இன்னும் ஒரு மணி நேரம் வேறு வேண்டுமா’ என்று ஒதுங்கிவிட்டார்கள். நியாயம்தான். ஆனால் அதே அரிசோனாவின் வடகிழக்கில் நவஹோ மக்களின் தன்னாட்சி நிலம் இருக்கிறது. 27,000 சதுர மைலுக்கு மேல். யூட்டா, நியூ மெக்ஸிகோவுக்குள்ளும் நீள்கிறது. எங்கள் நிலம் முழுக்க ஒரே நேரம் இருக்கட்டும் என்று அவர்கள் முள்ளைத் தள்ளுகிறார்கள். அந்த நவஹோ நிலத்துக்கு நட்ட நடுவே ஹோப்பி மக்களின் நிலம். அவர்கள் தள்ளுவதில்லை. கோடைகாலத்தில் அந்தப் பக்கம் நேராகக் கார் ஓட்டினாலே போதும், மத்தியானச் சாப்பாட்டு வேளை இரண்டு தடவை வரும்.

இந்தக் கூத்தின் மேற்கு ஓரத்தில் இருக்கிறது ஆன்டிலோப் கேன்யன். உலகத்தில் பாதிக் கணினிகளின் முகப்பில் செம்மஞ்சளாய் வளைந்து நெளிந்து கிடக்கும் அந்தப் பாறை இடுக்கு. அது இருப்பது நவஹோ நிலத்தில். நவஹோ வழிகாட்டி இல்லாமல் ஒரு ஈ காக்காய் உள்ளே போக முடியாது. ஆனால் பக்கத்து ஊரான பேஜ், கிளென் கேன்யன் அணையைக் கட்டுகிற தொழிலாளர்களுக்காக 1957-ல் உண்டாக்கிய ஊர். அங்கே மாநிலத்து நேரம். கேன்யன் டிக்கெட்டும் அந்த நேரப்படிதான். ஆக, பாறை நவஹோவினுடையது, வழிகாட்டி நவஹோ, கடிகாரம் மட்டும் பேஜ். இது கைப்பேசிக்குத் தெரியாது. எந்தக் கோபுரத்தின் சிக்னல் எட்டுகிறதோ அந்த நேரத்தைக் காட்டிவிட்டு நல்ல பிள்ளையாக இருக்கும்.

எங்களை அழைத்துப் போனவர் மாப்பிள்ளை. மகளுக்கு லீவு கிடைக்கவில்லை. மாமனார் மாமியாரோடு தனியாக நாலரை மணி நேரம் கார் ஓட்டுகிற மனிதரைப் பற்றி இனி யாரும் என்னிடம் குறை சொல்லக் கூடாது. திட்டமெல்லாம் எக்செல் தாளில் கட்டம் கட்டி வைத்திருந்தார். அந்தப் பாலைவனத்துக்கும் ஒரு மழைக்காலம் உண்டு. ஜூன் நடுவில் தொடங்கிச் செப்டம்பரோடு முடியும். இடுக்குக்குள் விழுகிற ஒளிக்கற்றையோ மார்ச் கடைசியில் ஆரம்பித்து அக்டோபர் முதல் வாரத்தோடு நின்றுபோகும். மழை போய், வெளிச்சம் போகாத அந்தச் சந்தில் ஒரு வெள்ளிக்கிழமைக்கு டிக்கெட். பதினொன்றரை மணிக்கு வண்டி.

அன்று காலை விடுதி வாசலில் மாப்பிள்ளையின் கைப்பேசியில் பத்து நாற்பது. என்னுடையதில் பதினொன்று நாற்பது. என் மனைவியின் கைக்கடிகாரத்தில் இரவு பதினொன்று பத்து. அது ஊரிலிருந்து கிளம்பியதிலிருந்து ஊர் நேரத்தை விட்டு அசையவில்லை. தங்கைக்கு எப்போது போன் போடலாம் என்று தெரிய வேண்டுமாம்.

“வண்டி போயிருச்சு” என்றேன் நான்.

“இல்ல மாமா, இன்னும் அம்பது நிமிஷம் இருக்கு.”

“அதெல்லாம் இருக்கட்டும். இன்னிக்கு வெள்ளிக்கிழமை, மாப்பிள்ளை” என்றாள் மனைவி. கைப்பையிலிருந்து நாட்காட்டித் தாள் ஒன்று வெளியே வந்தது. அமெரிக்காவில் இருக்கப்போகும் மாதங்களுக்கான தாள்களை வீட்டுச் சுவரிலிருந்து கொத்தாகக் கிழித்துக்கொண்டு வந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்கே தெரியும். “பத்தரை பன்னிரண்டு ராகுகாலம். பதினொன்றரைக்கு எப்படி வண்டி ஏறுறது?”

மாப்பிள்ளை சளைக்கவில்லை. “ஊர் நேரப்படி ராகுகாலம் முடிஞ்சு பதினோரு மணி நேரம் ஆச்சு அத்தை.”

“நாம எங்க இருக்கோமோ அங்கத்து நேரத்தைத்தான் ராகு பார்ப்பார்.”

சற்று நேரம் யாரும் பேசவில்லை. டிக்கெட் பணம் திரும்பி வராது என்பது மாப்பிள்ளையின் முகத்தில் எழுதியிருந்தது. பிறகு மனைவியே கேட்டாள்: “நாம போற இடம் யாருது?”

“நவஹோக்களோடது.”

“அவங்க நேரப்படி பதினொன்றரைங்கிறது?”

“பன்னிரண்டரை.”

“அப்புறம் என்ன? நிலம் யாருதோ அவங்க நேரம்தான்.” தாளை மடித்துப் பையில் வைத்தாள். அமெரிக்க அரசாங்கம் பழங்குடியினரோடு போட்ட ஒப்பந்தங்களைப் பற்றி எவ்வளவோ வாசித்திருக்கிறேன். இவ்வளவு சுருக்கமாக யாரும் தீர்ப்புச் சொன்னதில்லை.

அடுத்த வில்லங்கம் அந்தக் கைப்பை. உள்ளே பை கூடாது, முக்காலி கூடாது, செல்ஃபி குச்சி கூடாது. தண்ணீர் பாட்டில் ஒன்று கொண்டுபோகலாம். ஆகவே மூக்குக் கண்ணாடி, மாத்திரை டப்பி, திருநீற்றுப் பொட்டலம், சீப்பு, நாட்காட்டித் தாள்கள் எல்லாம் என் கால்சட்டைப் பைகளுக்குக் குடிபெயர்ந்தன. திறந்த வண்டி ஒன்றில் எங்களை ஏற்றி, வறண்ட ஓடை மணலில் சில மைல் தூக்கித் தூக்கிப் போட்டார்கள். ஒவ்வொரு குலுக்கலுக்கும் மாத்திரை டப்பி தாளம் போட்டது. எதிரே இருந்த வெள்ளைக்காரப் பாட்டி என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

வழிகாட்டி ஒரு நவஹோ இளம்பெண். நாம் வந்த இந்த மணல்பாதைதான் வெள்ளம் வரும் பாதையும் என்று இறங்கியதும் சொன்னாள். இங்கே வெள்ளம் வர இங்கே மழை பெய்ய வேண்டியதில்லை. எங்கோ மைல் கணக்கில் தள்ளிக் கொட்டுகிற மழை, உறிஞ்ச மண்ணில்லாத பாறைமேல் வழிந்து, திரண்டு, இந்த இடுக்குக்குள் பாயும். 1997 ஆகஸ்ட் 12 அன்று பக்கத்திலுள்ள கீழ்க் கேன்யனில் அப்படித்தான் 11 பயணிகள் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகுதான் அங்கே பாறையில் அறைந்த இரும்புப் படிகள் வந்தன. மனைவி மேலே பார்த்தாள். நீல வானம், ஒரு பொட்டு மேகம் இல்லை. “நமக்கு மேல பாத்து என்ன பிரயோஜனம்? அந்தப் பக்கம் எப்படியிருக்கு, மாப்பிள்ளை?” எக்செல் தாளில் அந்தக் கட்டம் இல்லை.

இந்தப் பாறை ஒரு காலத்தில் மணல்மேடு. ஏறத்தாழ 19 கோடி ஆண்டுகளுக்கு முன் காற்று குவித்த மேடுகள் இறுகிக் கல்லாயின. பிறகு வெள்ளமும் வெள்ளம் சுமந்த மணலும் அறுத்து அறுத்துச் சந்து உண்டாக்கின. சுவரில் சாய்ந்தோடும் கோடு ஒவ்வொன்றும் அந்த மேட்டின் ஒரு படிவு. கிட்டப் போய்ப் பார்த்தால் கொசுவம் வைத்த சேலைதான்: ஒரு மடிப்பு வெளியே பிதுங்கும், அடுத்தது உள்ளே வாங்கும், மேலே போகப் போக நெருங்கிச் செருகிக்கொள்ளும். லேசாக விரலை வைத்தேன். எடுத்தபோது நுனியில் நாலைந்து மணல் ஒட்டியிருந்தது. பாறையை அறுத்ததில் என் பங்கு அவ்வளவுதான். ஆண்டுக்கு வருகிற கூட்டத்தை நினைத்துக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. உச்சியில் வெயில் படுகிற இடம் மட்டும் மஞ்சள். அந்த ஒளி சுவருக்குச் சுவர் மோதி இறங்குகையில் காவியாகி, செம்மண்ணாகி, அடியில் கத்தரிப்பூ நிறத்தில் முடிகிறது. அடக்கமான நிறங்கள். ஆனால் வழிகாட்டி எல்லார் கைப்பேசியையும் வாங்கி ‘விவிட் வார்ம்’ என்பதை வைத்துக் கொடுத்தாள். உடனே திரையில் பாறை பற்றி எரிந்தது. அதற்கப்புறம் பாறையை யார் பார்க்கிறார்கள்? “இங்கே நில்லுங்கள், மேலே பாருங்கள், இப்போது எடுங்கள்” என்று அவள் சொல்லச் சொல்ல, கல்யாண வீட்டில் வீடியோக்காரருக்குக் கட்டுப்பட்ட மணமக்களாக நின்றோம். எனக்கு அந்த அடக்கமான நிறம்தான் பிடித்திருந்தது. வெளியே சொல்லவில்லை.

சூரியன் பேஜ் நேரத்தையும் மதிப்பதில்லை, நவஹோ நேரத்தையும் மதிப்பதில்லை. பன்னிரண்டு தாண்டிப் பத்து நிமிடம் போல, அதாவது எந்தக் கணக்கிலும் ராகு விடைபெற்ற பிறகு, அந்த ஒளிக்கற்றை வந்தது. கோடையில் தூண்போல் நேராக இறங்குமாம். அக்டோபர் தொடக்கத்தில் சற்று மெலிந்து சாய்வாகத்தான் விழுகிறது. எங்கள் கூட்டத்தின் காலடித் தூசி அதில் ஏறி மினுங்கியது. இதே இடத்தில் இப்படி எழுந்த தூசி ஓர் ஆள் உருவம் போல நிற்க, பீட்டர் லிக் என்ற புகைப்படக்காரர் எடுத்த படம் 2014-ல் 65 லட்சம் டாலருக்கு விற்றதாக அவரே அறிவித்தார். வாங்கியவர் பெயர் வெளியே வரவில்லை. “அதுலயும் இந்த விவிட்டா?” என்று கேட்டாள் மனைவி. கறுப்பு வெள்ளை என்றார் மாப்பிள்ளை. என் கைப்பேசியை அவள் ஒரு பார்வை பார்த்தாள்.

பிறகு உருவங்கள். இது கரடி, இது இதயம், இது ஆபிரகாம் லிங்கன் என்று பாறைச் சுவரைக் காட்டிக்கொண்டே வந்தாள் வழிகாட்டி. கரடிக்கு மூக்கு எங்கே என்று மனைவி குறுக்கு விசாரணை செய்தாள். லிங்கனிடம் வந்ததும் விசாரணை நின்றது.

“ஏங்க, இது எங்க பெரியப்பா! அதே தாடை. அவரும் வக்கீல்தானே.”

படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டாயிற்று. அங்கே நள்ளிரவு தாண்டியிருந்தது. ஆனால் நம் சனம் எப்போது தூங்கியிருக்கிறது? மேட்டைச் சுற்றி இரும்பு நடைபாதை வழியாக வண்டிக்குத் திரும்புவதற்குள் பதில்கள் வரிசையாக வந்துவிட்டன. பெரியப்பா ஏன் இவ்வளவு சிவப்பாக இருக்கிறார் என்றது ஒன்று. இவர் எப்போது அமெரிக்கா போனார் என்றது இன்னொன்று. கடைசியாகப் பெரியப்பா மகனே வந்தார்: “அப்பாவுக்குப் பெரிய மீசை உண்டே, கல்லுல காணோமே?”

மனைவி திகைத்துப்போய் மாப்பிள்ளையைப் பார்த்தாள்.

“வெள்ளம் இன்னும் செதுக்கிக்கிட்டேதான் இருக்கு, ஒரு லட்சம் வருஷத்துல மீசை வந்துரும்னு போடுங்க அத்தை” என்றார் அவர்.

போட்டாள். பெரியப்பா மகன் கும்பிடு கை ஒன்று அனுப்பினார்.